தராசில் சுராங்கனி

ஏ. ஈ. மனோகரன் 2018 ஜனவரி 22 அன்று சென்னையில் காலமானார். வயது 73. இலங்கையில் அவருக்குப் பொப்பிசைச் சக்கரவர்த்தி என்று பட்டம்; தமிழ்நாட்டில் அவர் சிலோன் மனோகர். அஞ்சலி எழுதும்போது பட்டங்களை உரசிப் பார்ப்பது நம்மிடையே வழக்கமில்லை. அது சரிதான், சாவு வீட்டில் கணக்குப் பார்க்கக் கூடாது. ஆனால் ஆண்டுகள் கழிந்த பிறகும் யாரும் கணக்குப் பார்க்காமல் விட்டால் அந்தக் கலைஞர் ஒரு பட்டமாகவும் ஒரு பாட்டாகவும் சுருங்கிப் போகிறார். மனோகரனுக்கு அதுதான் நடந்துகொண்டிருக்கிறது. அவர் நல்ல பாடகரா, நல்ல பாட்டுக் கட்டுபவரா, கையில் கிடைத்த புகழை வைத்து என்ன செய்தார், அவர் பாடிய வாழ்க்கைக்கும் அவர் பாட்டுக்கும் உறவு இருந்ததா என்ற நான்கு கேள்விகளையும் யாரும் முறையாகக் கேட்டதாகத் தெரியவில்லை.

இந்தக் கேள்விகளை ஆலங்குடாவில் இருந்து கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. கற்பிட்டிக் குடாநாட்டில், நுரைச்சோலைக்கும் கற்பிட்டிக்கும் இடையில், மேற்கே திறந்த கடலும் கிழக்கே புத்தளம் களப்புமாகக் கிடக்கும் ஊர் இது. மீன்தான் இங்கே பேச்சு, மீன்தான் பணம். இப்போது கரையோரம் விடுதிகள் வந்திருக்கின்றன. நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை டொல்பின் பார்க்க வெளிநாட்டார் வருகிறார்கள். விடுதி விருந்துக்குக் கிதாரும் றபானுமாக ஒரு குழு வந்தால் இரவு முடிவதற்குள் அநேகமாக ஒரு தடவையாவது மனோகரனின் 'சுராங்கனி' ஒலிக்கும். கடலிலிருந்து ஒருவன் ஒரு பெண்ணுக்கு மீன் கொண்டுவருகிற பாட்டு அது. மீன் கொண்டுவருகிறவர்களின் கரையில் வைத்து அந்தப் பாட்டை நிறுத்தால்தான் எடை சரியாகத் தெரியும்.

முதலில் விற்பனை பற்றி. மனோகரனை அதிகம் விற்ற பாடகர் என்று சொல்வோர் உண்டு. அது உண்மையாக இருக்கலாம், ஆனால் நிரூபிக்க வழியில்லை. அமெரிக்காவில் ஒரு கன்ட்ரிப் பாடகரின் இசைத்தட்டு எத்தனை போனது என்று எண்ணிச் சான்றிதழ் கொடுக்க ஒரு சங்கம் இருக்கிறது. ஷனாயா ட்வெய்ன் 1997இல் வெளியிட்ட 'கம் ஒன் ஓவர்' உலகெங்கும் நாலு கோடிக்கு அருகில் விற்றது என்று துணிந்து எழுத முடிகிறது. இலங்கையில் தமிழ்ப் பொப்பிசை பரவிய வழி வேறு. வானொலியில் கேட்டார்கள், மேடையில் கேட்டார்கள், கசெட் வந்த பிறகு கடைக்காரரிடம் வெற்று நாடாவைக் கொடுத்து, வேண்டிய பாட்டுகளின் பட்டியலையும் கொடுத்துப் பதிந்து வாங்கினார்கள். அப்படிப் பதிந்த நாடாவில் இருந்து இன்னொரு நாடா. பாடகருக்கு அதில் ஒரு சதமும் போகவில்லை, எந்தக் கணக்கிலும் அது ஏறவில்லை. ஆகவே விற்பனையை அளவுகோலாக எடுத்தால் மனோகரனுக்கு நியாயம் கிடைக்காது. இங்கே ஒரே ஒரு அளவுகோல்தான் நம்பத்தக்கது: பாடியவர் யார் என்று தெரியாதவர்களும் அந்தப் பாட்டைப் பாடுகிறார்களா என்பது. அந்த அளவில் 'சுராங்கனி'க்கு இணையாக இலங்கைத் தமிழர் தந்த வேறு பாட்டு இல்லை. இந்தியாவில் பல மொழிகளுக்கு அது போனது. 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையில் மலேசியா வாசுதேவனும் ரேணுகாவும் பாடிய பிறகு, தமிழ்நாட்டில் அது தங்கள் சினிமாப் பாட்டு என்றே பலர் நம்பினார்கள்.

ஆனால் பாட்டின் வேர் எங்கே என்று பார்த்தால் அது மனோகரனிடம் தொடங்கவில்லை. அதன் தாளம் பைலா. ஆறு அடியை மூன்று மூன்றாகப் பிரித்து ஆடும் அந்தத் தாளம் போர்த்துக்கேயரோடும் அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்கரோடும் இந்தக் கரைக்கு வந்தது. புத்தளம் நகரிலிருந்து சிறிது தூரத்தில் உள்ள சிரம்பியடியில் அந்த ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கிறார்கள். பிரித்தானியர் தங்கள் இலங்கைப் படைப்பிரிவைக் கலைத்தபோது புத்தளத்தில் தங்கிவிட்ட வீரர்களின் பரம்பரை. அவர்கள் பாடும் 'மான்ஜா' பாட்டைக் கேட்டவர்களுக்குப் பைலாவின் எலும்பு எதனால் ஆனது என்பது விளங்கும். றபான், டோலக்கி, இரண்டு தேங்காய்ச் சிரட்டைகள், நாணயத்தால் தட்டும் ஒரு கண்ணாடிப் போத்தல், இவ்வளவுதான் வாத்தியம். மெதுவாகத் தொடங்கும், ஒரே ஒரு வரி திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு சுற்றிலும் வேகம் ஏறும், கடைசியில் உட்கார்ந்திருப்பவர் எழுந்துவிடுவார். போர்த்துக்கேயக் கிரியோல் சொற்களின் பொருள் பாடுவோரில் பலருக்கே இன்று தெரியாது. தாளம்தான் மிஞ்சியிருக்கிறது, அது போதுமானதாகவும் இருக்கிறது.

இந்தத் தாளத்தைச் சிங்கள மேடைக்குக் கொண்டுவந்தவர் பொலிஸ்காரராக இருந்த வொலி பஸ்டியன். அவருக்குப் பின் எம். எஸ். பெர்னாண்டோ போன்றோர் அதை ஊரெல்லாம் பரப்பினார்கள். அறுபதுகளில் கிளாரன்ஸ் விஜேவர்த்தனவின் மூன்ஸ்டோன்ஸ் குழு சிங்களப் பொப்பிசைக்குக் கிதார் வழி போட்டுக் கொடுத்தது. தமிழில் அந்தக் கதவை முதலில் தட்டியவர் உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம். அறுபதுகளின் பிற்பகுதியில் அவர் பாடத் தொடங்கிவிட்டார். ஆக மனோகரன் பைலாவைக் கண்டுபிடிக்கவும் இல்லை, தமிழ்ப் பொப்பிசையைத் தொடக்கி வைக்கவும் இல்லை. முன்னோடி என்ற தட்டில் அவரை வைக்க முடியாது.

வைக்க வேண்டிய தட்டு வேறு. அவருடைய குரலைக் கேளுங்கள். கர்நாடக சங்கீதத்தில் ஊறிய குரலும் இல்லை, சினிமாப் பின்னணிப் பாடகரின் பளபளப்பும் இல்லை. கொஞ்சம் மூக்கில் பட்டு வரும் திறந்த தொண்டை. சொல்லின் கடைசியை இழுக்காமல் தாளத்தின் மேல் தட்டிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகிறது. பைலாவில் இது பெரிய காரியம். ஆறடித் தாளத்தில் ஒரு நெடிலை அரை மாத்திரை கூட இழுத்தால் ஆட்டம் நொண்டும். தமிழோ நெடில் நிறைந்த மொழி. அதைப் பைலாவில் இருத்தப் பலர் பட்ட பாடு நாம் கேட்டதுதான். சொல் ஒரு பக்கம் போகும், கால் ஒரு பக்கம் போகும். மனோகரனிடம் அந்தத் தடுமாற்றம் இல்லை. பல்லவியைச் சிங்களத்தில் விட்டு, ஒரு பெண்ணின் ஐந்தெழுத்துப் பெயரையே தாளத்தின் முதல் அடியாக்கி, அந்தப் பெயரை மறுபடி மறுபடி கூப்பிட்டுக் கூட்டத்தைத் தன்னோடு பாட வைக்கிறார். ஒரு தடவை கேட்டவன் இரண்டாம் தடவை கூடப் பாடுவான். இது அதிர்ஷ்டத்தில் வந்ததில்லை. மேடையில் நின்று, எந்த இடத்தில் சனம் கை தட்டுகிறது என்று பார்த்துப் பார்த்துப் பழகியவரின் கணக்கு. மேடைப் பாடகர் என்ற அளவில் அவருக்கு முதல் வரிசையில் இடம் கொடுக்க எனக்குத் தயக்கமே கிடையாது.

இப்போது பாட்டின் உள்ளே போவோம். ஆலங்குடாவை அடுத்த கரைகளில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பாட்டில் இரண்டு விஷயம் படும். ஒன்று பொய், ஒன்று மெய்.

பொய் இது: பாட்டில் மீன் பிடித்தவன் மீனுக்குச் சொந்தக்காரன். கரையில் அப்படி இல்லை. வலையும் தோணியும் சம்மாட்டியுடையவை. அல்லது முதலாளியிடம் முற்பணம் வாங்கி எடுத்தவை. மடி கரைக்கு வந்ததும் சாளை வேறாக, பாரை வேறாக, நெத்தலி வேறாகப் பிரிக்கிறார்கள். உடனே ஏலம். முற்பணம் கொடுத்தவருக்குத்தான் மீன் போக வேண்டும், அவர் சொல்வதுதான் விலை என்ற நிலையும் உண்டு. எண்ணெய்ச் செலவு போய், வலைப் பங்கு போய், தோணிப் பங்கு போய் மிஞ்சுவதைத்தான் இழுத்தவர்கள் பங்கு போடுகிறார்கள். காதலிக்கு மீன் கொண்டு போகிறவன் அந்த மீனை யாரிடமிருந்து பெற்றான் என்ற கேள்வி பாட்டுக்கு எழவே இல்லை.

மெய் இதுதான்: ஏலத்துக்கு முன்போ பின்போ, இழுத்த ஒவ்வொருவருக்கும் ஒரு கைப்பிடி கறிக்கு என்று கொடுக்கப்படும். அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பொலித்தீன் பையிலோ, சாரத்தின் மடிப்பிலோ, ஈர்க்கில் கோர்த்தோ அதை வீட்டுக்குக் கொண்டு போவார்கள். கடன்காரன் தொடாத மீன் அந்தக் கைப்பிடி ஒன்றுதான். மீனவன் வீட்டுப் பெண்ணுக்குக் கையில் கிடைப்பதும் அதுதான். பணம் வராத நாளிலும் கறிக்கு மீன் வரும். 'சுராங்கனி'யின் மகிழ்ச்சி, தெரிந்தோ தெரியாமலோ, அந்தக் கைப்பிடி மீனின் மகிழ்ச்சி. கொழும்பு விருந்தில் ஆடுபவருக்கு அது வெறும் வேடிக்கை. இந்தக் கரையில் அது ஒரு வீட்டின் அடுப்பு எரியும் செய்தி. பாட்டு இத்தனை வருடம் நின்றதற்குத் தாளம் பாதிக் காரணம் என்றால், மறுபாதி இந்த எளிய உண்மை என்று நினைக்கிறேன்.

மொழிக் கலப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிங்களமும் தமிழும் ஒரே பாட்டில் வருவதால் இதை இன ஒற்றுமையின் கீதமாக உயர்த்திப் பேசுவோர் இருக்கிறார்கள். 1956இல் தனிச் சிங்களச் சட்டம், 1958இல் கலவரம், அதன் பின் வந்த பாட்டு என்று வரிசைப்படுத்தினால் அந்தப் பேச்சுக்கு ஒரு கவர்ச்சி வரத்தான் செய்கிறது. ஆனால் புத்தளம் கரையில் நின்று கேட்டால் இது அவ்வளவு பெரிய கொள்கை இல்லை, அன்றாடம். நீர்கொழும்புப் பக்கமிருந்தும் சிலாபம் பக்கமிருந்தும் பருவத்துக்கு வந்து வாடி போடும் மீனவர் இரண்டு மொழியிலும் விலை பேசுவார்கள், இரண்டிலும் திட்டுவார்கள். ஒரே வாக்கியத்தில் மொழி மாறும். மனோகரன் அந்தப் பேச்சை அப்படியே ஒலிவாங்கிக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் தமிழ்ப் பாட்டில் அதற்கு இடம் இருக்கவில்லை. கொச்சை என்று ஒதுக்கப்பட்டது. அந்த வகையில் இது துணிச்சல்.

துணிச்சலுக்கு அடியில் ஒரு வலி இருப்பதையும் மறைக்கக் கூடாது. சிலாபம் மறைமாவட்டத்தில் ஆயர் எட்மண்ட் பீரிஸ் காலத்தில் கத்தோலிக்கப் பாடசாலைகளில் தமிழ்வழிக் கல்வி சிங்களத்துக்கு மாறியது. பாட்டி தமிழில் செபமாலை சொல்ல, பேரன் சிங்களத்தில் பதில் சொல்லும் வீடுகள் இந்தக் கரையெங்கும் உண்டாயின. அங்கே மொழிக் கலப்பு என்பது சந்திப்பு மட்டும் இல்லை, ஒரு மொழி விடைபெறுவதும்கூட. மனோகரனின் பாட்டில் அந்த இரண்டாவது பக்கம் கிடையாது. ஒரு ஆட்டப் பாட்டில் அதைக் கேட்பது நியாயமா என்று வாசகர் கேட்கலாம். அந்த ஒரு பாட்டில் கேட்பது நியாயமில்லை. ஒரு வாழ்நாள் பாட்டுகளில் எங்காவது கேட்பது நியாயம்தான்.

இங்கே அமெரிக்கக் கன்ட்ரி இசையின் பெரும் பெயரான ஹாங்க் வில்லியம்ஸ் உதவிக்கு வருகிறார். 1952இல் அவர் பாடிய 'ஜம்பலாயா' வியக்கத்தக்க விதத்தில் 'சுராங்கனி'யின் உடன்பிறப்பு. ஹாங்க் லூசியானாவின் கேஜன் இனத்தவர் இல்லை, அலபாமாக்காரர். ஆனால் கேஜன் மக்களிடம் ஏற்கெனவே இருந்த ஒரு மெட்டை எடுத்தார், அவர்களுடைய பிரெஞ்சுச் சொற்களை ஆங்கிலத்தில் கலந்தார், அவர்களுடைய சாப்பாட்டின் பெயர்களை அடுக்கினார், ஒரு பெண்ணைக் கூப்பிட்டார், ஆட வைத்தார். அயல்மொழிச் சொல், உணவு, காதலி, நீர்க்கரை, இரவல் தாளம் என்று எல்லாமே இங்கும் அங்கும் ஒன்று. அதனால் 'ஜம்பலாயா'வை யாரும் மட்டமாகப் பேசுவதில்லை, நாமும் 'சுராங்கனி'யை அப்படிப் பேச வேண்டியதில்லை. ஆனால் ஹாங்க் 29 வயதில், 1953 புத்தாண்டு நாளில் இறந்துபோனபோது, அந்த ஆட்டப் பாட்டுக்கு மறுபுறம் நிறுத்த அவரிடம் தனிமையைப் பற்றிய, துரோகத்தைப் பற்றிய, தூக்கமற்ற இரவைப் பற்றிய பாட்டுகள் வரிசையாக இருந்தன. அதனால்தான் அவர் கூத்தாட்டக்காரராக நினைக்கப்படாமல் கவிஞராக நினைக்கப்படுகிறார். மனோகரனைவிட ஏறத்தாழ 44 வயது குறைவாக வாழ்ந்தவர் விட்டுச் சென்ற மறுதட்டு அது. மனோகரனின் மறுதட்டில் என்ன இருக்கிறது?

கையில் எடுத்துப் பார்க்கத் தக்கவை சில இருக்கின்றன. முருகனைப் பொப் தாளத்தில் பாடியது ஒன்று. பக்தியை மேடை ஆட்டத்தோடு பொருத்தியதில் அதற்குப் புதுமை உண்டு, திருவிழா இரவுகளில் அது எடுபட்டது. ஆனால் பாட்டைத் தாளத்திலிருந்து பிரித்துத் தனியாக நிறுத்தினால் நிற்பதில்லை. இலங்கையை எல்லோருக்கும் தாய்நாடாகப் பாடியது இன்னொன்று. இந்தப் பாட்டில் கொஞ்சம் நிற்க வேண்டும். எழுபதுகளில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது. 1972இல் புதிய அரசியல் யாப்பு. 1976இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம். தமிழ் இளைஞர் ஒரு திசையில் வெகுவேகமாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில் இப்படி ஒரு பாட்டு மேடையேறியது. பாடியவரின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் பாட்டு எதையும் கேட்பதில்லை. தாய்நாடு என்று சொல்கிறது. தாய் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரிச் சோறு போட்டாளா என்று கேட்பதில்லை. அழகான இடங்கள், நல்ல மனிதர், இனிய தாளம் என்று சுற்றிவிட்டு இறங்கிவிடுகிறது. 1983 ஜூலைக்குப் பின் அந்தப் பாட்டைக் கேட்பது கடினம். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து ஒரே அடியாக வெளியேற்றப்பட்டு இந்தக் குடாநாட்டுக்கு வந்து, ஆலங்குடாவிலும் ஓலைக் கொட்டில் போட்டு இருந்த முஸ்லிம் மக்கள் மத்தியில் அது இன்னும் கடினம். காலம் ஒரு பாட்டைத் தோற்கடிப்பது பாடகரின் குற்றம் ஆகாது என்று வாதிடலாம். பாட்டுக்குள் ஒரே ஒரு கேள்வி இருந்திருந்தாலும் காலம் அதை இப்படி முழுதாகத் தோற்கடித்திருக்காது என்பதே என் எண்ணம்.

நித்தி கனகரத்தினத்தை அருகில் வைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. 'சின்ன மாமியே'யில் ஒரு இளைஞன் மாமியிடம் மகளைப் பற்றி விசாரிக்கிறான். அவ்வளவுதான் கதை. ஆனால் அந்த விசாரிப்பில் யாழ்ப்பாணத்து முற்றம் இருக்கிறது, மாமியின் முகம் இருக்கிறது, பேசுகிற முறை இருக்கிறது. கள்ளுக்கடைக்குப் போகாதே என்று அவர் பாடிய இன்னொன்றில் ஒரு வீட்டின் கஷ்டம் சிரிப்புக்குள் ஒளிந்திருக்கிறது. ஒரே தாளக் குடும்பம், அதே கிதார். ஆனால் நித்தியின் பாட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். சுராங்கனிக்குப் பெயர் இருக்கிறது. முகம் இல்லை, வயது இல்லை, அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. குரலில் மனோகரன் நித்தியைவிடப் பலமடங்கு வல்லவர். பாட்டுக் கட்டுவதில் நித்திதான் மேல்.

இவர்கள் இருவரையும் வளர்த்த காலத்தைச் சொல்லாமல் போனால் தீர்ப்பு ஒருதலையாகும். 1970 முதல் 1977 வரை சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. தென்னிந்தியச் சஞ்சிகைகளுக்கும் படங்களுக்கும் கட்டுப்பாடு வந்தது. பாணுக்கு வரிசையில் நின்ற காலம் என்று பெரியவர்கள் அதைக் கசப்போடு நினைவுகூர்வார்கள். ஆனால் அந்த இறுக்கத்தில் ஈழத்து எழுத்தும் நாடகமும் பொப்பிசையும் மூச்சுவிட இடம் பெற்றன. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ்ச் சேவை அந்தப் பாட்டுகளைக் காற்றில் ஏற்றியது. பாக்கு நீரிணைக்கு அப்பால் இராமநாதபுரத்திலும் நாகப்பட்டினத்திலும் தெளிவாகக் கேட்டது. தமிழ்நாட்டுக்கு மனோகரனின் பெயர் படகேறிப் போகவில்லை, வானொலியில் போனது. 1977இல் ஜே. ஆர். ஜெயவர்த்தன பொருளாதாரத்தைத் திறந்துவிட்டதும் கசெட் றேடியோக்களும் தென்னிந்தியப் பாட்டுகளும் வெள்ளமாய் வந்தன. ஏழு வருடத்தில் முளைத்த பயிர் அதற்கு ஈடுகொடுக்கவில்லை.

மனோகரன் சென்னைக்குப் போனது இந்தப் பின்னணியில். தமிழிலும் மலையாளத்திலும் படங்களில் நடித்தார், பெரும்பாலும் வில்லனாக, அடியாளாக. பிற்காலத்தில் தொலைக்காட்சித் தொடர்களிலும் வந்தார். உயரமும் உடல்வாகும் அதற்கு உதவின. பாடகராக அங்கே அவருக்குத் தொடர்ந்து ஒரு இடம் அமையவில்லை. அதற்குக் காரணம் திறமைக் குறைவு இல்லை என்பதைத் திட்டமாகச் சொல்லலாம். தமிழ்ச் சினிமாவில் மெட்டு இசையமைப்பாளருடையது, சொல் கவிஞருடையது, நடிப்பு நடிகருடையது. பாடகர் ஒலிவாங்கிக்கு முன் வந்து குரலைக் கொடுத்துவிட்டுப் போகிறவர். மனோகரன் தன் பாட்டைத் தானே கொண்டுவந்து தன் உடம்பாலேயே நடத்துகிறவர். அந்த ஏற்பாட்டுக்குள் அவரைப் போன்றவருக்குக் கதிரை கிடையாது. மலேசியா வாசுதேவனைப் பாருங்கள். அவரும் கடல் கடந்து வந்தவர்தான். ஆனால் பதினாறு வகைப் பாத்திரத்துக்கும் தன் குரலை ஒப்புக்கொடுக்க அவரால் முடிந்தது. ஊர்ப் பெயரைத் தலையில் வைத்துக்கொண்டே எந்த ஊர்க்காரனாகவும் பாடினார். மனோகரனின் பாட்டை வாசுதேவன் பாடியதே அந்த இரண்டு வழிகளின் வித்தியாசத்தைக் காட்டப் போதும்.

சென்னை அவருக்கு இடம் தரவில்லை என்பது ஒரு நியாயம். போர் வந்து ஊரில் இரவு மேடைகளை அழித்தது என்பது இன்னொரு நியாயம். ஊரடங்குச் சட்டத்துக்குள் யார் கோஷ்டி வைப்பது? கேட்ட சனமும் ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் பாரிசுக்கும் போய்விட்டது. அங்கே அவரை அழைத்தவர்களுக்கு வேண்டியிருந்தது புதுப் பாட்டில்லை. விட்டுவந்த வயதை மீட்டுத் தரும் பழைய பாட்டு. ஒரு கலைஞனை அவனுடைய அபிமானிகளே ஒரே இடத்தில் நிறுத்திவிடுவதை நாம் வேறு பலரிடமும் கண்டிருக்கிறோம்.

இவ்வளவையும் அவர் பக்கத்தில் வைத்த பிறகும் ஒரு விஷயம் உறுத்துகிறது. 1978இல் பிரேம்நாத் மொறாயஸ் இயக்கத்தில், செங்கை ஆழியான் நாவலைத் தழுவி வந்த 'வாடைக்காற்று' படத்தில் மனோகரன் நடித்தார். பருவத்துக்கு வந்து வாடி போட்டு மீன் பிடிப்போரின் காதலும் பகையும்தான் அந்தக் கதை. அதாவது, மீனவரின் முழு வாழ்க்கையும் எழுதப்பட்ட ஒரு நல்ல நாவல் அவருடைய கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தது. முற்பணம், வாடி, பங்கு, காற்று மாறினால் பட்டினி எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியவை. இந்தக் கரையில் பாட்டுக்கும் பஞ்சம் இருக்கவில்லை. கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பா, புத்தளம் மாவட்டத்தில் உடப்பில் பேர் போனது. ஒருவர் எடுத்துக் கொடுப்பார். கயிற்றில் நிற்கும் அத்தனை பேரும் ஒரே குரலில் பதில் சொல்லிப் பின்னோக்கி ஒரு அடி வைப்பார்கள். சாமியைக் கூப்பிடுவார்கள், சம்மாட்டியைக் குத்திக் காட்டுவார்கள், வீட்டில் இருப்பவளை நினைப்பார்கள். எடுப்பும் பதிலுமாக அமைந்த அந்த முறை மனோகரன் மேடையில் கூட்டத்தைப் பாட வைத்த முறையேதான். ஹாரி பெலபொன்டே 1956இல் 'கலிப்ஸோ' இசைத்தட்டில் ஜமேய்க்காவின் வாழைக்குலை ஏற்றும் தொழிலாளரின் வேலைப் பாட்டை உலகத்தின் காதில் போட்டார். அதே வேலையை அம்பாவுக்குச் செய்யும் தொண்டை, தாளம், மேடைப் பழக்கம், இரண்டு மொழி, கேட்கக் காத்திருந்த சனம் அத்தனையும் எழுபதுகளில் ஒரே ஆளிடம் இருந்தன. மனோகரன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கரையின் தாளத்தை எடுத்தார், கரையின் மீனை எடுத்தார், கரையின் கலப்புப் பேச்சை எடுத்தார். வலை இழுத்தவனின் குரலை எடுக்கவில்லை.

அவரைச் சக்கரவர்த்தி என்று நான் எழுத மாட்டேன். சக்கரவர்த்திக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நாடு வேண்டும். மனோகரனுக்கு இருந்தது ஒரே ஒரு பாட்டின் நிலம். இலங்கைத் தமிழ்ப் பொப்பிசையின் பாட்டாசிரியர் வரிசையில் முதல் இடம் நித்திக்கு. மேடைக் குரல் வரிசையில் முதல் இடம் மனோகரனுக்கு, அதில் போட்டியே இல்லை. 'சுராங்கனி' தமிழில் பைலா நொண்டாமல் நடந்த முதல் பெரிய பாட்டு. நடுத்தர வர்க்கம் கொச்சை என்று ஒதுக்கிய கரையோரப் பேச்சைத் தலைநிமிர்ந்து பாட வைத்த பாட்டு. அந்த ஒன்றுக்காகவே அவர் பெயர் இலங்கை இசை வரலாற்றில் ஒரு முழு அத்தியாயத்துக்கு உரியது. மற்றப் பாட்டுகளுக்கு அந்த அத்தியாயத்தின் அடிக்குறிப்புகளில் இடம் கொடுத்தால் போதும். வில்லன் வேடங்களை விட்டுவிடலாம்.

அம்பா இன்னும் பாடப்படுகிறது, குறைந்த கயிறுகளில். கரைவலைக்கு உழவு இயந்திரம் பூட்டி வின்ச்சால் இழுக்கும் கரைகள் கூடிவிட்டன. இயந்திரம் இழுக்கும் இடத்தில் எடுப்பும் இல்லை, பதிலும் இல்லை. இதைப் பதிந்து மேடைக்குக் கொண்டுவர நினைக்கும் இளம் பாடகர் யாராவது புத்தளத்தில் இருந்தால், தாளத்துக்குச் சிரம்பியடிக்கும், சொல்லுக்கு உடப்புக்கும் போகட்டும். இரண்டு மொழியையும் ஒரே மூச்சில் எப்படிப் பாடுவது என்பதற்கு மட்டும் மனோகரனைக் கேட்கட்டும்.